பெர்சனல் ஃபிட்னெஸ் பேட்ஜ்: ஒரு டெஸ்ட் விட்டுப் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணுமா?

எடிசன் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில், எடிசன் என்ற ஊரில் இருக்கிறோம். பையனுக்கு 13 வயது. ஸ்கவுட்ஸில் (சாரணர் இயக்கம்) மூன்றாவது வருடம், ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற நிலையை முடித்துவிட்டான். இப்போது பெர்சனல் ஃபிட்னெஸ் மெரிட் பேட்ஜில் (உடற்தகுதிக்கான ஸ்கவுட் சின்னம்) மாட்டிக்கொண்டு முழிக்கிறோம். முழிக்கிறோம் என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். பேட்ஜ் என்னவோ அவனுக்கு, ஆனால் ஸ்டாப்வாட்ச் என் கையில். சிட்-அப்ஸுக்குக் காலை அழுத்திப் பிடிப்பது அவன் அப்பா. சோபாவில் உட்கார்ந்து "பாவம் குழந்தை, போதும் விடுங்கோ" என்று சொல்வது கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார்.

இந்த பேட்ஜைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முதலில் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் காட்ட வேண்டும். அப்புறம் ஒரு ஆரம்ப டெஸ்ட்: ஒரு மைல் ஓட்டமோ 9 நிமிட ஓட்டமோ, ஒரு நிமிடத்தில் எத்தனை சிட்-அப்ஸ், தண்டால் அல்லது புல்-அப்ஸ், உட்கார்ந்தபடி காலை நீட்டி எவ்வளவு தூரம் கை எட்டுகிறது, உடம்பு அளவுகள். பிறகு அவனே 12 வாரத்துக்குத் திட்டம் போட்டு, செய்ததையெல்லாம் நோட்டில் எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்டைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியில் முன்னேற்றம் தெரிய வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். இதுவரை அவன் எண்கள்:

ஆரம்பம்: மைல் 13 நிமிடம் 48 விநாடி, சிட்-அப்ஸ் 17, தண்டால் 3, எட்டுவது 19 செ.மீ.
2-ஆம் வாரம்: 13:20, 19, 5, 20 செ.மீ.
4-ஆம் வாரம்: 12:51, 23, 5, 18 செ.மீ.
6-ஆம் வாரம்: காலி.

அந்தக் காலி கட்டம்தான் என் முதல் பிரச்சினை. அக்டோபர் 19 டெஸ்ட் செய்ய வேண்டிய நாள். மறுநாள் தீபாவளி. வீட்டில் முப்பது பேர், நான் ரவா லாடு பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவன் தம்பி தங்கைகளோடு பேஸ்மென்டில் கும்மாளம். யாருக்கும் நினைவில்லை. புதன்கிழமை நோட்டைத் திறந்த பிறகுதான் அவன் முகம் வாடிப்போனது.

அவன் அப்பா யோசிக்காமல் சொன்னார்: "அஞ்சுக்கும் அடுத்த வாரம் வரப்போற நம்பருக்கும் நடுவுல ஒண்ணைப் போடுடா, யாருக்குத் தெரியும்?" பையன் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "நான் போடமாட்டேன்பா" என்று மாடிக்குப் போய்விட்டான். ஸ்கவுட் லாவில் பன்னிரண்டு குணங்கள் வருகின்றன அல்லவா, அதில் முதலாவதே நம்பகம். வாரா வாரம் சல்யூட் வைத்துச் சொல்கிறவனிடம் போய் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் கணவரும் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதிகம் பேசவில்லை.

இரண்டாவது பிரச்சினை, போன மாதம் வேறு ஊரில் நடந்த ஒரு மெரிட் பேட்ஜ் நாளுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தன்னார்வலர், "மைலைப் பத்து நிமிடத்துக்குள் ஓடாவிட்டால் இந்த பேட்ஜ் கிடைக்காது" என்று பையன்கள் முன்னால் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து இவன் ஓடும்போதெல்லாம் வாட்சையே பார்த்துக்கொண்டு ஓடுகிறான்.

மூன்றாவது, கை எட்டுவது 20-லிருந்து 18-க்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு டெஸ்டிலும் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். தினம் ஸ்ட்ரெட்சிங் செய்கிறான், நான் பார்க்கிறேன். எப்படிக் குறையும்?

ஆறு வாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அவன் இன்னும் ட்ரூப்பில் (அவன் சாரணர் குழு) உள்ள கவுன்சிலரிடம், அதாவது பேட்ஜைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரிடம், சொல்லவில்லை, வெட்கப்படுகிறான்.

டெக்சாஸ் கவுன்சிலர் எழுதியது:

எட்டு வருடமாக இந்த ஒரு பேட்ஜுக்கு கவுன்சிலராக இருக்கிறேன். உங்கள் மூன்று கேள்வியில் நடுவில் உள்ளதற்கு முதலில் பதில்: பத்து நிமிடம் என்று எந்த விதியும் கிடையாது. ஒன்பது என்றும் கிடையாது, பதினைந்து என்றும் கிடையாது. பையன் தன்னோடுதான் போட்டி போடுகிறான். 13:48-ல் தொடங்கி 12 வாரம் கழித்து 13:30 வந்தாலும் அது முன்னேற்றம்தான். கவுன்சிலர்களுக்கு உள்ள கட்டளையே, போட்டிருக்கும் நிபந்தனைக்கு மேலே ஒன்றும் சேர்க்கக் கூடாது, அதிலிருந்து ஒன்றும் குறைக்கவும் கூடாது என்பதுதான். அந்தத் தன்னார்வலர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அது அவருடைய சொந்தச் சரக்கு. நிபந்தனைகளை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால் ஸ்கவுட்டிங் அமெரிக்காவின் தளத்தில் இப்போது இருப்பதைப் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். (பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பழைய பெயரில் தேடிக் குழம்ப வேண்டாம். 2025 பிப்ரவரியில் பெயரை மாற்றிவிட்டார்கள்.)

காலி கட்டம். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நான் எந்தப் பையனிடமும் சொன்னதில்லை. ஆனால் கையெழுத்துப் போடப் போவது உங்கள் கவுன்சிலர், நான் இல்லை. அவரிடம் பையனே போய்ச் சொல்ல வேண்டும். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பக் கூடாது. அவனே எழுதட்டும், நகல் உங்களுக்கு வரட்டும். பெரியவரும் சிறுவனும் மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளக் கூடாது என்ற விதி அதற்குத்தான் இருக்கிறது. என்னிடம் வந்திருந்தால், தவறிய டெஸ்டை உடனே செய்து உண்மையான தேதியைப் போடு, திட்டத்தை இரண்டு வாரம் நீட்டிக்கொள் என்று சொல்லியிருப்பேன். 12 வாரம் என்பது குறைந்தபட்சம். 14 வாரம் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் பையனுக்கு 13 வயதுதான் ஆகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அவசரமே இல்லை. ஒரு தடவை என்னிடம் ஒரு பையன் வந்தான், 18-ஆவது பிறந்தநாளுக்குச் சரியாகப் பத்து வாரம் இருந்தது. ஈகிள்தான் ஸ்கவுட்ஸில் மிக உயர்ந்த நிலை, 18 ஆவதற்குள் முடித்தாக வேண்டும். அதற்கு வேண்டிய 21 பேட்ஜில் இருபதை முடித்துவிட்டான், மீதி இது ஒன்றுதான். பத்து வாரத்துக்குள் பன்னிரண்டு வாரத்தை எப்படி அடைப்பது? காலண்டரை நானும் அவனும் நாலு தடவை எண்ணினோம். அவன் அம்மாவும் எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் எழுபது நாள்தான் வந்தது. இந்த பேட்ஜுக்கும் பெர்சனல் மேனேஜ்மென்டுக்கும் ஃபேமிலி லைஃபுக்கும் நாள் கணக்கு உண்டு, அதனால் மூன்றையும் பதினான்கு வயதுக்குள் ஆரம்பித்துவிடுங்கள் என்று அதன் பிறகு எல்லாப் பெற்றோரிடமும் பல்லவி பாடுகிறேன். (பெர்சனல் மேனேஜ்மென்ட் 13 வாரம், ஃபேமிலி லைஃப் 90 நாள். ஒரே சமயத்தில் நடத்தலாம்.)

இனி 18 செ.மீ. விஷயம். இரண்டு கேள்வி கேட்கிறேன். கோடையிலிருந்து பையன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான்? இந்த வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீளும், தொடையின் பின்பக்கத் தசை பின்தங்கிவிடும். கொஞ்ச நாளைக்குக் கை எட்டாது. அது ஒன்று. இரண்டாவது, பாதத்தை ஒட்டி வைத்து எட்டி அளக்கிற பெட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே பெட்டியா? ஒரே நேரமா? காலையில் எழுந்ததும் அளந்தால் ஒன்று, மைல் ஓடி உடம்பு சூடான பிறகு அளந்தால் வேறொன்று வரும். ஷூ போட்டு அளந்தீர்களா, கழற்றி அளந்தீர்களா? நான்கு முறை எட்ட வேண்டும், நான்காவதில் 15 விநாடி அப்படியே நிற்க வேண்டும், அந்த அளவைத்தான் எழுத வேண்டும். முட்டி மடங்கினால் செல்லாது. முதல் இரண்டு டெஸ்டில் முட்டியை யாராவது பார்த்தீர்களா?

தண்டால் ஐந்தில் நின்றால் கவலைப்பட வேண்டாம். டெஸ்ட் செய்வதே பயிற்சி என்று நினைத்து, தினம் ஐந்து எடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் கோளாறு. மாடிப்படியில் நாலாவது படியில் கை வைத்து எடுக்கச் சொல்லுங்கள், பன்னிரண்டு வரும். அது சுலபமானதும் மூன்றாவது படி, அப்புறம் இரண்டாவது. தரையில் எடுக்கும்போது மேலே இருந்து ஐந்து விநாடி மெதுவாக இறங்கினாலே போதும், ஏறுவது முட்டி ஊன்றி ஏறட்டும். மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மைலுக்கு ஒரே ஒரு சொல்: முதல் சுற்றை மெதுவாக. ஹைஸ்கூல் டிராக்கில் நாலு சுற்று 1600 மீட்டர், மைலுக்கு இன்னும் ஒன்பது மீட்டர் சேர்த்து ஓட வேண்டும். எல்லாப் பையன்களும் முதல் சுற்றில் ஒலிம்பிக் ஓடிவிட்டு மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பல் டாக்டரிடம் கடிதம் வாங்கியாகிவிட்டதா? எல்லோரும் அதைத்தான் மறப்பார்கள்.

ரெண்டு பொண்ணு அம்மா, அட்லாண்டா எழுதியது:

கவுன்சிலர் சார் சொன்னதில் எல்லாம் சம்மதம். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. அக்கா, ஸ்டாப்வாட்சை உங்கள் கையிலிருந்து முதலில் கொடுத்துவிடுங்கள். 2019-இல் பெண்களுக்கும் ட்ரூப் தொடங்கிய வருடமே என் பெரியவள் சேர்ந்தாள். இந்த பேட்ஜை நானும் உங்களைப் போலத்தான் நடத்தினேன், அம்மாவே கோச், அம்மாவே அம்பயர். ஆறாவது வாரம் ஒரு சண்டை வந்தது பாருங்கள், டிராக்கிலேயே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு சாக்ஸோடு கார் வரைக்கும் நடந்தாள்.

சின்னவள் முறை வந்தபோது அவள் பேட்ரோலில் (ட்ரூப்புக்குள் இருக்கும் சின்னக் குழு) நாலு பேர் சேர்ந்து செய்தார்கள். ஒருத்தி ஓட, ஒருத்தி நேரம் பார்க்க, ஒருத்தி எழுத, ஒருத்தி சும்மா கத்த. நான் காரில் உட்கார்ந்து காபி குடித்தேன். ஒரு டெஸ்டும் விட்டுப் போகவில்லை, ஏனென்றால் நாலு பேரில் யாராவது ஒருத்திக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று, முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்று பையன் சொன்னால் உடனே கேளுங்கள். பெரியவளுக்கு எட்டாவது வாரம் முட்டிக்கு ரெண்டு விரல் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலி. வளருகிற பிள்ளைகளுக்கு வருவதுதான், ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று டாக்டர் சொன்னார். ஓட்டத்தைக் குறைத்து நீச்சல் வைத்துக்கொண்டாள். கவுன்சிலரிடம் சொல்லித் திட்டத்தை மாற்றினாள், ஒன்றும் தப்பில்லை. மைல் டெஸ்டில் நடந்தும் போகலாம், ஓடித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

உடம்பு அளவை டேப் வைத்து எடுக்கும்போது மாமியாரை அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு அது பெரிய கூச்சம். கடைசியில் அந்த அளவுகளை ஒப்பிட்டுப் பேசினால் போதும், இடுப்பு குறைந்தே ஆக வேண்டும் என்று கணக்கு இல்லை.

பழைய சாரணன், திருச்சி எழுதியது:

அமெரிக்கச் சங்கதி எனக்குத் தெரியாது. ஆனால் கை எட்டவில்லை என்று ஒரு பிள்ளை வருத்தப்படுகிறது என்றவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1980-களில் நான் பள்ளிச் சாரணன். பிரதம சோபான் என்ற முதல் படியில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் வகுத்த ஆறு பயிற்சிகள் செய்து காட்ட வேண்டும். இப்போதும் பாரத சாரண இயக்கத்தில் அது உண்டு என்று நினைக்கிறேன், சூரிய நமஸ்காரமும் சேர்ந்திருக்கிறது. முதல் பயிற்சி தலையையும் கழுத்தையும் உள்ளங்கையால் தேய்ப்பது. அதைப் பார்த்து நாங்கள் "எண்ணெய்க் குளியல்" என்று சிரிப்போம். ஐந்தாவதுதான் உங்கள் பையனுக்கு வேண்டியது: காலை லேசாக அகட்டி நின்று, கையை வானத்துக்குத் தூக்கிக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அப்புறம் முட்டி மடங்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். மூச்சு மேலே போகும்போது உள்ளே, கீழே வரும்போது வெளியே.

எனக்கு முழங்காலுக்கு ஒரு சாண் கீழேதான் கை போகும். எங்கள் சாரண ஆசிரியர் கணக்கு வாத்தியார். அடிக்க மாட்டார், ஆனால் சாக்பீஸை எடுத்து என் காக்கி நிக்கருக்குக் கீழே, முன்கால் எலும்பின் மேல் கை நின்ற இடத்தில் ஒரு கோடு போடுவார். "நாளைக்கு இந்தக் கோட்டுக்குக் கீழ போகணும், அவ்வளவுதான்." மறுநாள் குளித்ததில் கோடு அழிந்திருக்கும். எங்கே இருந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் புதுசாகக் கோடு போடும்போது அவர் எப்போதும் கொஞ்சம் கீழேதான் போடுவார். பொங்கல் லீவுக்குள் பாதத்தைத் தொட்டுவிட்டேன்.

வேகமாகக் குனிந்து குனிந்து எழக் கூடாது, அது தசையை இழுத்துவிடும். போன இடத்தில் நின்று மூச்சு விட வேண்டும். பாட்டியிடம் சொல்லித் தினம் தோப்புக்கரணமும் போடச் சொல்லுங்கள், காலுக்கு நல்லது. பிள்ளையார் பேட்ஜ் தருவார்.

நேராச் சொல்றேன் எழுதியது:

இவ்வளவு அக்கப்போரா? எல்லாம் காலேஜ் அப்ளிகேஷனில் ஒரு வரி போடத்தானே. நோட்டில் ஒரு எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். யாரும் வந்து எண்ணப் போவதில்லை.

எடிசன் அம்மா எழுதியது:

யாரும் எண்ணப் போவதில்லை என்பதைத்தான் என் வீட்டுக்காரரும் சொன்னார், அவர் நிலைமை என்ன ஆயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

மற்றவர்களுக்கு ரொம்ப நன்றி. ஒரு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், ஏனென்றால் கவுன்சிலர் சார் கேட்ட "ஒரே பெட்டியா?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒரு குட்டிப் பிரளயத்தைக் கிளப்பிவிட்டது.

ஒரே பெட்டி இல்லை. முதல் இரண்டு டெஸ்டுக்கும் ஒரு அட்டைப் பெட்டி. ஆன்லைனில் மிக்ஸி வந்த பெட்டி. மேலே ஸ்கேல் ஒட்டி, கால் வைக்கும் விளிம்பில் 23 வரும்படி வைத்திருந்தோம். அதாவது 23 என்றால் பாதத்தைத் தொட்டுவிட்டான் என்று அர்த்தம். நாலாவது வாரத்துக்கு முன்னால் என் கணவருக்குத் திடீரென்று தச்சு வேலை ஆர்வம் வந்து, பிளைவுட்டில் பளபளவென்று புதுப் பெட்டி செய்தார். அதிலும் 23 விளிம்பில்தான். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தோம்.

பழைய பெட்டியைத் தேடினால் காணோம். குப்பையில் போட்டாயிற்று என்றே நினைத்தேன். அப்புறம் பார்த்தால் மாமியார் அறையில், அலமாரிக்குக் கீழே, முறுக்கு டப்பா, தட்டை டப்பா, அவருடைய விபூதிப் பொட்டலங்கள் எல்லாம் அதற்குள். "நல்ல கெட்டிப் பெட்டி, எதுக்குத் தூக்கிப் போடறேள்னு எடுத்து வெச்சேன்" என்றார். முறுக்கைக் காலி செய்து (எப்படிக் காலி செய்தோம் என்று கேட்காதீர்கள்) பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம்.

பையன் உட்கார்ந்து காலை வைத்து எட்டினான். நான் பக்கத்தில் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தேன். அவன் முன்னால் போகப் போக, பாதம் அட்டையை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அட்டை வளைந்து கொடுக்கிறது. ஸ்கேல் அப்படியே நிற்கிறது, ஆனால் கால் இரண்டு செ.மீ. முன்னால் போய்விட்டது! பாதத்தோடு சேர்ந்து கையும் இரண்டு செ.மீ. இனாமாக முன்னால் போயிருக்கிறது. பிளைவுட் அசையாது. ஆக, பிளைவுட்டில் வந்த 18-தான் நிஜம். அட்டையில் வந்த 20-ம் நிஜத்தில் 18-தான், ஆரம்பத்து 19 என்பது 17. குறையவே இல்லை, ஒரு செ.மீ. கூடியிருக்கிறது. கோடையிலிருந்து மூன்று செ.மீ. வளர்ந்திருக்கிறான் என்பதையும் சமையலறை வாசல் சட்டத்தில் போட்ட பென்சில் கோட்டை வைத்துப் பார்த்தோம். அதற்கு அப்புறமும் ஒன்று கூடியிருக்கிறது என்றால் பரவாயில்லை.

அவன் அப்பா, "சரி, அப்ப முதல் எண்ணை 17-ன்னு திருத்திடு" என்று வாயெடுத்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். நல்லவேளை.

பையனே கவுன்சிலருக்கு எழுதினான். இருபது நிமிடம் உட்கார்ந்து ஏழு வரி. டெஸ்ட் விட்டுப் போனது, தீபாவளி, இரண்டு பெட்டி, அட்டை வளைந்தது, எல்லாம். எனக்கு நகல் வந்தது. அவர் மறுநாளே பதில் போட்டார். முதலிலிருந்து வேண்டாம், இரண்டு வாரம் நீட்டி டிசம்பர் 14-இல் கடைசி டெஸ்ட், எழுதிய எண்களை அடிக்காதே, பக்கத்தில் எந்தப் பெட்டி என்று மட்டும் குறித்துவிடு, கடைசி நாள் இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு வா. பத்து நிமிடக் கணக்கைப் பற்றியும் கேட்டிருந்தான். அதற்கு அவர் பதில், "அந்தக் கணக்கு எனக்கும் கஷ்டம்" என்பதுதான். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

அட்லாண்டா தங்கைக்கு: ஸ்டாப்வாட்ச் கைமாறிவிட்டது. அவன் ட்ரூப்பிலேயே பக்கத்துத் தெருப் பையன் ஒருவனும் இதே பேட்ஜை இப்போதுதான் தொடங்குகிறான். நவம்பர் 2 ஞாயிறு இரண்டு பேரையும் டிராக்குக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை, மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பி ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றோம். பனியில் புல் வெளுத்துக் கிடந்தது. நான் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காபி குடித்தேன், நீங்கள் சொன்னபடியே. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்தான், ஆனால் கண்ணாடியை இறக்கவில்லை.

முதல் சுற்றை மெதுவாக ஓடினான். மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடிக்கவில்லை. 12:02. சிட்-அப்ஸ் 26. தண்டால் 8. மாடிப்படி வைத்தியம் பத்து நாள்தான் ஆகிறது, இப்போது மூன்றாவது படிக்கு வந்திருக்கிறான். வீட்டில் யார் ஏறினாலும் இறங்கினாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

திருச்சி ஐயாவுக்கு: ஐந்தாவது பயிற்சியைக் காலையிலும் ராத்திரியும் செய்கிறான். "சாக்பீஸ் கோடு" கதையை அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். சாக்பீஸ் இல்லாததால் என் ஐப்ரோ பென்சிலை எடுத்துக் காலில் கோடு போட்டுக்கொண்டு, அது குளித்தாலும் போகவில்லை, ஸ்கூலில் கேட்டார்கள் என்று வந்து புலம்பினான். ஞாயிற்றுக்கிழமை பிளைவுட்டில் 20, அட்டையில் 22. தோப்புக்கரணத்தை என் மாமியார் கூடவே நின்று எண்ணுகிறார். நோட்டில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறான், தலைப்பு "பாட்டி ஸ்குவாட்ஸ்".

கவுன்சிலர் சார், பல் டாக்டர் கடிதம் மறந்துதான் போயிருந்தது. வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட்.

அந்த ஆறாவது வாரக் கட்டம் இப்போது காலியாக இல்லை. "தீபாவளி, டெஸ்ட் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறான், பக்கத்தில் நவம்பர் 2 என்று ஒரு அம்புக்குறி. டிசம்பர் 14 முடிந்ததும் கடைசி எண்களை இங்கே போடுகிறேன். அதுவரை அட்டைப் பெட்டி கூடத்திலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. முறுக்குக்கு வேறு பெட்டி தேடிக்கொண்டிருக்கிறோம்.